அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் மருமகனின் பந்தும்

2025 யூலையில், பேர்ண் நகருக்கு அருகே வசிக்கும் என் அக்கா, விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன்பு தொலைபேசியில் அழைத்து ஒரு வேலை சொன்னார். தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் எங்கள் அம்மாவினுடைய பிரதி ஒன்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்றார். அம்மா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பங்களில் இறந்தவர்களின் பத்திரங்களைத் தேடுவது பெரும்பாலும் காணிக்காகத்தான் என்பதால், திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் காணியில் ஏதோ வில்லங்கம் வந்துவிட்டதென்றே எண்ணினேன். காணியுமில்லை ஒன்றுமில்லை, பந்து விளையாட்டுக்கு என்றார் அக்கா.

அக்காவின் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பேர்ணுக்கு வெளியே சிற்றூர் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில், பின்வரிசையில் இடது பக்கம் விளையாடுகிறான். அவனோடு விளையாடும் பையன் ஒருவனின் தகப்பன், கொசோவோவிலிருந்து அகதியாக வந்தவர், மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: பிள்ளைக்கு எந்த நாட்டு அணியின் கதவு திறக்கும் என்று இப்போதே யாருக்கும் தெரியாது, ஆகவே இரண்டு நாட்டுத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் விடயத்தில் யார் எதைச் சொன்னாலும் அக்கா உடனே செய்து முடிப்பார். 1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது, பதினெட்டு வயதில், தன் பெயர் எழுதிய ஒரு துண்டுகூடக் கையில் இல்லாமல் ஊரை விட்டுப் போனவர் அவர்.

பிரதிகளை எடுப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. அக்காவினுடையது அன்றே கிடைத்தது. அம்மாவினுடையதற்குப் பழைய பதிவேட்டைத் தேட வேண்டியிருந்ததால் இன்னொரு தடவை போக நேர்ந்தது. அம்மா பிறந்தது 1944 இல். யப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டு இரண்டு ஆண்டுகள் கழிந்து, ஊரை விட்டு ஓடியவர்களில் பலர் திரும்பி வந்து சேர்ந்திருந்த காலம் அது. பிறந்த இடம் திருகோணமலை என்றிருந்தது. தகப்பனின் தொழிலையும் இனத்தையும் கேட்கும் நிரலில், கடற்படைத் தளத்தில் தச்சர் என்றும் சிலோன் தமிழ் என்றும் ஆங்கிலத்தில், சாய்ந்த, அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின்பு பதியப்பட்ட அக்காவின் சான்றிதழிலும் அந்த நிரல் இருக்கிறது. இனத்தின் பெயர் மட்டும் இலங்கைத் தமிழர் என்று மாறியிருக்கிறது.

அந்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தகுதி விதிகளை ஓரிரவு முழுதும் வாசித்தேன். ஒரு நாட்டின் அணிக்கு விளையாட முதலில் அந்நாட்டின் நிரந்தரக் குடியுரிமை வேண்டும். பிறப்பாலன்றிப் பின்னர் அதைப் பெற்றவராக இருந்தால், கூடவே நான்கில் ஒரு தொடர்பும் வேண்டும்: அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டன் பாட்டியரில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பின்பு குடிவந்தவருக்கு அது ஐந்து ஆண்டுகள். தாயினதோ பாட்டியினதோ, இரண்டில் ஒன்றிருந்தால் போதும் என்பதைக் கண்டதும் அக்காவுக்குச் சொன்னேன். "எதற்கும் இரண்டும் இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. எங்கள் நாட்டுத் தாள், குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே அதன் தகப்பன் என்ன இனம் என்று கேட்டுப் பதிந்துகொண்டது. பணத்துக்கும் அரசியலுக்கும் பேர்போன பீபாவின் விதிகளோ எவ்விடத்தில் பிறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த விதிகளின்படி எங்கள் அம்மா தமிழச்சி இல்லை, சைவப் பெண் இல்லை, தச்சரின் மகளும் இல்லை. திருகோணமலையில் பிறந்த ஒருவர், அவ்வளவுதான். அது ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது, ஒரு விதத்தில் எதையோ பறிகொடுத்தது போலவும் இருந்தது.

எந்த நாட்டுக்கு விளையாடுவது என்ற கேள்வி இன்றைக்கு வந்ததன்று. லூயிஸ் மொன்ரி 1930 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவுக்கும் 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கும் விளையாடினார். ஹங்கேரியின் பெருவீரரான புஷ்காஷ் 1962 இல் ஸ்பெயினின் ஜேர்சியை அணிந்தார். அந்தக் காலத்தில் தடுப்பதற்கு விதி இருக்கவில்லை. பிறகு விதி வந்தபோது மிக இறுக்கமாக வந்தது. ஒரு தடவை மூத்த அணிக்காகப் போட்டித் தொடர் ஆட்டம் ஒன்றில் களமிறங்கிவிட்டால் ஆயுளுக்கும் அந்த நாடுதான் என்று ஆனது. முனீர் எல் ஹத்தாதியின் கதை இந்த இறுக்கத்துக்கு நல்ல சான்று. மொரோக்கோத் தகப்பனுக்கு ஸ்பெயினில் பிறந்த இவர், 2014 செப்டெம்பரில் பத்தொன்பது வயதில், மசிடோனியாவுக்கு எதிரான தகுதிகாண் ஆட்டத்தில் ஸ்பெயினுக்காக மாற்று வீரராக இறங்கிப் பதின்மூன்று நிமிடங்கள் விளையாடினார். அதன் பிறகு ஸ்பெயின் அவரை அழைக்கவேயில்லை. மொரோக்கோ அழைத்தது, ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிடங்கள் குறுக்கே நின்றன. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போயும் 2018 இல் தோற்றார். 2020 செப்டெம்பரில் பீபா விதியைத் தளர்த்தி, இருபத்தொரு வயதுக்கு முன்பு மூன்று ஆட்டங்களுக்கு மேல் விளையாடாமலும், உலகக் கிண்ணத்திலோ கண்டக் கிண்ணத்திலோ களமிறங்காமலும், கடைசியாக விளையாடி மூன்று ஆண்டுகள் கழிந்தும் இருந்தால் ஒரு தடவை மாறலாம் என்றது. 2021 இல் முனீர் மொரோக்கோவுக்கு விளையாடினார். பத்தொன்பது வயதுப் பையனின் பதின்மூன்று நிமிடத்துக்கு ஆறரை ஆண்டு அபராதம். சிறு வயதில் யார் கேட்டதற்கோ தலையாட்டியதற்காக ஆயுள் முழுதும் கட்டுப்பட்டவர்களை எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கலியாண விடயங்களில்.

அக்கா குடும்பத்தின் காரணமாகச் சுவிற்சர்லாந்து அணியைத்தான் நான் பல ஆண்டுகளாக உன்னிப்பாகக் கவனித்து வருகிறேன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பார்ப்பதற்கு அதைவிட நல்ல அணி கிடைக்காது. கொசோவோ அல்பேனியப் பெற்றோருக்குப் பாசலில் பிறந்த சாக்கா சகோதரர்கள் இருவரில் இளையவரான கிரானிட் சுவிஸ் அணிக்கும் மூத்தவரான தவுலன்ட் அல்பேனியாவுக்கும் போனார்கள். 2016 யூன் 11 அன்று பிரான்சின் லென்ஸ் நகரில் ஐரோப்பியக் கிண்ணத்தில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். சுவிஸ் 1-0 என்று வென்றது. அன்றைக்கு அவர்களுடைய தாய் பார்வையாளர் அரங்கில், பாதி அல்பேனியக் கொடியும் பாதி சுவிஸ் கொடியுமாகத் தைத்த மேற்சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை அக்கா எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கமரூனின் தலைநகர் யாவுண்டேயில் பிறந்து பாசலில் வளர்ந்த பிரீல் எம்போலோ, 2022 நவம்பர் 24 அன்று கட்டார் உலகக் கிண்ணத்தில் சுவிஸ் அணிக்காகக் கமரூனுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். அடித்துவிட்டு ஓடவில்லை, குதிக்கவில்லை. இரு கைகளையும் உயர்த்தி, மன்னிப்புக் கேட்பவர் போல நின்றார். அவர் கோலை அடிக்காமல் விட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தார், கொண்டாட்டத்தை மட்டும் தவிர்த்துக்கொண்டார். இந்த விடயத்தில் நான் பார்த்த நடத்தைகளுள் மிகக் கண்ணியமானது அதுதான் என்பது என் எண்ணம்.

மறுபக்கமும் உண்டு. 2018 உலகக் கிண்ணத்தில், யூன் 22 அன்று கலினின்கிராட்டில் சேர்பியாவை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் கோலடித்த கிரானிட் சாக்காவும், அவரைப் போலவே கொசோவோ அல்பேனிய வேருள்ள ஷகிரியும் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து அல்பேனியக் கழுகின் சைகையைக் காட்டினார்கள். பீபா இருவருக்கும் தலா 10,000 பிராங்க் தண்டம் விதித்தது. தண்டம் ஒருபுறம் இருக்க, அந்த உலகக் கிண்ணம் முடிந்த கையோடு சுவிஸ் சம்மேளனத்தின் பொதுச் செயலாளரே, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைத் தேசிய அணியில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற பொருளில் பேசிப் பெரும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். கோலை அடித்தது சுவிஸ் கால், சைகையைக் காட்டியது அல்பேனியக் கை என்று பிரித்துப் பார்க்க முடியுமென்று அவர் நினைத்தார் போலும்.

இவான் ராக்கிட்டிச்சின் கதைதான் அக்காவுக்கு மிகவும் பிடித்தது. சுவிற்சர்லாந்தில், குரோவசியப் பெற்றோருக்குப் பிறந்து, சுவிஸ் இளையோர் அணிகளில் விளையாடி வளர்ந்தவர், 2007 இல் குரோவசியாவைத் தேர்ந்தார். அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: தன் அறைக்குள் இருந்து முதலில் சுவிஸ் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்துத் தன் முடிவைச் சொன்னாராம், பிறகுதான் குரோவசியப் பயிற்றுநரை அழைத்தாராம், அவ்வளவு நேரமும் தகப்பன் கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தாராம். 2018 உலகக் கிண்ணத்தில் டென்மார்க்கோடும் ரஷ்யாவோடும் தண்டனை உதைகளில் கடைசி உதையை அடித்து வென்று கொடுத்தவர் அவர்தான். குரோவசியா இறுதியாட்டம் வரை போனது. கதவுக்கு வெளியே நடந்த தகப்பனைத்தான் அக்கா திரும்பத் திரும்பச் சொல்வார். எங்கள் அத்தான் அப்படி நடக்கமாட்டார், உள்ளே வந்து சத்தம் போடுவார் என்பது அவருடைய கணிப்பு.

மருமகன் வந்து சேர்ந்தான். பகலில் வெயிலுக்குள் வெளியே வரமாட்டான். மாலையில் டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போய் உள்ளூர்ப் பையன்களோடு விளையாடினான். மூன்றாம் நாள் திரும்பி வரும் வழியில், கோட்டை வாசலில் மான்கள் படுத்திருந்த இடத்தைக் கடந்தபோது, எந்த நாட்டுக்கு விளையாட ஆசை என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று தீர்மானித்திருந்த கேள்வி அது. இருந்தாலும் வாயில் வந்துவிட்டது. அவன் கொஞ்சம் யோசித்து, "மாமா, எனக்கு முதல் எங்கட கழகத்தின்ர முதலாவது அணியில விளையாட வேணும்" என்றான். அதற்கப்புறம் எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்பட வேண்டியதே இல்லை என்பதைப் பிறகு குடியுரிமைச் சட்டத்தை வாசித்தபோது விளங்கிக்கொண்டேன். அக்கா 2008 இல் சுவிஸ் குடியுரிமை பெற்றார். இலங்கைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெறுகிறவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 1987 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி விண்ணப்பித்து, இரட்டைக் குடியுரிமையாக அதைத் தக்கவைக்கலாம் அல்லது மீளப் பெறலாம். அக்கா அப்படி விண்ணப்பிக்கவில்லை. அகதியாகப் போனவர்கள் பலருக்கு, தூதரகத்தின் படியை மிதிப்பதே நெஞ்சு படபடக்கும் காரியமாக இருந்த காலம் அது. ஆகவே 2010 இல் மருமகன் பிறந்தபோது அவனுடைய தாயும் இலங்கையர் இல்லை, தகப்பனும் இல்லை. பெற்றோரில் ஒருவர் இலங்கையராக இருந்திருந்தால் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிந்து, வம்சாவளியால் குடியுரிமை பெற்றிருக்கலாம். 2003 வரை அதற்கும் தகப்பனின் குடியுரிமைதான் கணக்கு. அந்த ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகே தாய் வழியாகவும் குடியுரிமை இறங்கியது. இப்போது அக்கா இரட்டைக் குடியுரிமை கேட்டு, அது கிடைத்து, அதன் வழியாகப் பிள்ளைக்கும் கேட்டு, அதுவும் கிடைத்தால்தான் எங்கள் அம்மாவின் சான்றிதழுக்கு வேலை வரும்.

இதனால்தான் வீரர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஊடகங்கள் எழுதும்போது எனக்குச் சிறு எரிச்சல் வருகிறது. அவர்கள் தேர்வதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, யாரைத் தன் பதிவேட்டில் எழுதுவது, யாரை விடுவது என்று நாடுகள் தேர்ந்து முடித்துவிடுகின்றன. சுவிற்சர்லாந்து தன் மண்ணில் பிறந்துவிட்டது என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் குடியுரிமை கொடுப்பதில்லை. ஜேர்மனியில் பிறந்த துருக்கியப் பிள்ளைகளில் பலர் பல ஆண்டுகளாக இரண்டில் ஒரு கடவுச்சீட்டைக் கைவிட வேண்டியிருந்தது. 2024 யூனில்தான் அந்த நாடு இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக ஏற்றது. இந்தியா இன்றைக்கும் ஏற்பதில்லை. இந்தியத் தகப்பனுக்கு ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி, ஜப்பானியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்த பின்பே 2013 இல் இந்தியாவுக்கு விளையாட முடிந்தது. பேர்த்தில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு ஆட்டமும் ஆடிய ரையன் வில்லியம்ஸ், 2025 இல் அதே வழியில் போனார். எங்கள் நாடோ 1948 இல், தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரையே குடிகள் அல்லர் என்று எழுதி வெளியே நிறுத்திய நாடு. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 இலும் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் உன் இதயம் எந்த நாட்டில் என்று கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இலங்கை அணியும் கடந்த சில ஆண்டுகளாக வெளியே பிறந்த பிள்ளைகளைத் தேடுகிறது. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியில் வளர்ந்த குளோடியோ கமர்னெக்ட், சுவீடனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஆகியோர் இலங்கை ஜேர்சியை அணிந்திருக்கிறார்கள். 2023 சனவரியில் பீபாவால் இடைநிறுத்தப்பட்டு ஓகஸ்டில் தடை நீங்கிய, தரவரிசையில் 200 இற்கு அப்பால் கிடந்த அணி, 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே தண்டனை உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. அந்த இரவு நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். சுவீடனில் பிறந்த தமிழ்ப் பையன் ஒருவன் சிங்கக் கொடிக்கு முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்து எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் பெருமைப்பட்டார்கள், நான் ஆட்டத்தைப் பார்த்தேன். பீபாவில் சேராத அணிகளின் போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரோடு, புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொண்ட அணியொன்று 2014 இலும் 2018 இலும் விளையாடியிருக்கிறது. அப்போட்டிகள் பீபாவின் கணக்கில் வராதவை, அதனால் யாரையும் எந்த நாட்டோடும் கட்டுவதில்லை. திருகோணமலையில் உட்கார்ந்து எழுதுகிறவன் அதைப் பற்றி இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

கிண்ணியாவில் சிறுவர்களுக்குப் பந்து பழக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். 2009 இல் பாலம் திறக்கப்படும் வரை, படகுப் பாதைக்குக் காத்து நின்று கடந்து வந்து, எங்கள் ஏகாம்பரம் மைதானத்தில் எங்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போனவர்களில் ஒருவர். மருமகனை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பையன்கள் விளையாடிக்கொண்டிருக்க, அவர் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். "உங்கட மருமகன் நல்லாத்தான் ஆடுறார், அதில குறையில்ல. ஆனா அண்ணன், பதினொரு பேரில நாலு பேர் வெளியில இருந்து வந்தா, என்ட பொடியன்மார் எங்க போற?" என்று கேட்டார். அவரிடம் படிக்கும் பையன்களில் சிலர் ஒரே சோடிப் பந்துச் சப்பாத்தை இருவராக மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் கல். பேர்ணில் எங்கள் பையன் ஒரு சாதாரணக் கழகத்தில் ஆடுகிறான்; அந்தச் சாதாரணக் கழகத்துக்கு வெளிச்சமிட்ட புற்றரை இரண்டு இருக்கிறது.

அவருக்கு நான் மொரோக்கோவைக் காட்டி மறுமொழி சொல்லப் பார்த்தேன். 2022 இல் உலகக் கிண்ண அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க அணி அது. இருபத்தாறு பேரில் பதினான்கு பேர் நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கிமி மாட்ரிட்டில் பிறந்தார், அதே ஸ்பெயினைக் கடைசித் தண்டனை உதையால் வெளியேற்றினார். சியேக்கும் அம்ராபத்தும் நெதர்லாந்தில், காப்பாளர் பூனு கனடாவில், பயிற்றுநர் ரெக்ராகி பிரான்சில். நண்பர் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிச்சப் பன்னிரண்டு பேர் எங்கே பிறந்தவர்கள் என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அதே அணியின் என்-நெசீரி, அகெர்ட், உனாஹி மூவரும், மன்னர் ஆறாம் முகம்மதின் பெயரில் ரபாட்டுக்கு அருகே நிறுவப்பட்ட உதைபந்தாட்டப் பயிற்சி நிலையத்தில் இளம் வயதில் வளர்க்கப்பட்டவர்கள். மொரோக்கோ வெளியே பிறந்த பிள்ளைகளை அழைத்ததோடு நிற்காமல், உள்ளே பிறந்தவர்களுக்கு நிலமும் பயிற்சியும் கொடுத்தது. எங்கள் சம்மேளனம் முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதை இன்னும் தொடங்கவில்லை என்பது நண்பரின் வாதம். நான் அவரோடு உடன்படுகிறேன். ஐரோப்பியக் கழகங்கள் பதினைந்து ஆண்டு உரமிட்டு வளர்த்த பயிரை, வேலியோரத்தில் நின்று நாங்கள் அறுத்துக்கொள்கிறோம். இதில் அந்தப் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை. ஆனால் கிண்ணியாப் பையனுடைய இடம் ஒன்று குறைகிறது என்ற உண்மையும் இல்லாமல் போவதில்லை. அதைச் சொன்னால் புலம்பெயர்ந்தவர்களுக்கு எதிராகப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அழைக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, வென்று கொடுத்த பின்பும் பரீட்சை முடிவதில்லை. கெல்சன்கிர்ஷனில் பிறந்த மெசுட் ஓசில், 2014 இல் ஜேர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது அணியின் மூளையாக இருந்தார். 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோவானோடு படம் எடுத்துக்கொண்டார். அதை நான் புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டேன். யூனில் ஜேர்மனி முதற்சுற்றிலேயே வெளியேறியது. யூலையில் அணியை விட்டு விலகும்போது, வென்றால் நான் ஜேர்மனியன், தோற்றால் குடியேறி என்ற பொருளில் அவர் எழுதிய வாசகம் உலகம் முழுதும் சுற்றியது. பெல்ஜியத்தின் லுக்காக்குவும் அதே ஆண்டில், நன்றாக விளையாடினால் பெல்ஜிய வீரர், விளையாடாவிட்டால் கொங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர் என்று பத்திரிகைகள் எழுதுவதைக் குறிப்பிட்டிருந்தார். அந்த வம்சாவளி என்ற சொல் தோல்வியின் மறுநாள் காலையில் தவறாமல் முளைக்கிறது.

அக்கா ஊரை விட்ட அதே 1990 இல், பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறிகள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களுடைய பற்றை அளக்கலாம் என்று பேசிப் பெயர் பெற்றார். அதை லண்டனில் இருப்பவர்களுக்கான பரீட்சை என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரை விட்டு ஓரடி நகராத நாங்கள் அதை எத்தனை தடவை எழுதியிருக்கிறோம். இந்தியாவும் இலங்கையும் ஆடுகின்ற நாளில் தேநீர்க் கடையில் வேற்று இனத்துக்காரர் ஒருவர் புன்னகையோடு எந்தப் பக்கம் என்று கேட்டால், அந்தப் புன்னகையின் அகலத்தைப் பார்த்து மறுமொழி சொல்லப் பழகிய தலைமுறை என்னுடையது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தக் கோட்டையின் கொடி மாறிய போதெல்லாம் இங்கே இருந்தவர்களும் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு ஏதோ மறுமொழி சொல்லியிருப்பார்கள். தமிழ் பேசிக்கொண்டு, வீட்டுக்குள் கிழவிகள் மட்டும் உடைந்த போர்த்துக்கேயம் பேசிய பறங்கிக் குடும்பம் ஒன்று என் சிறு வயதில் எங்கள் ஒழுங்கையில் இருந்தது. அவர்களின் மகன் எங்கள் அணியின் காப்பாளன். அவன் எந்த நாட்டவன் என்று யாரும் கேட்டதில்லை. அவனுடைய உயரம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

அக்காவும் மருமகனும் ஓகஸ்டில் திரும்பிப் போனார்கள். செப்டெம்பரில் மலேசியாச் செய்தி வந்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களின் பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று கொடுக்கப்பட்ட பத்திரங்கள் போலியாகத் திருத்தப்பட்டவை என்று பீபா முடிவு செய்து, ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும் அந்நாட்டுச் சம்மேளனத்துக்கு 350,000 பிராங்க் தண்டமும் விதித்தது. அந்தப் பாட்டன் பாட்டியர் ஆர்ஜென்டீனாவிலும் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் பிறந்தவர்கள் என்பதை மூலப் பதிவேடுகள் காட்டின. செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன். எங்களுடையது உண்மையான பாட்டி என்று எழுதினார், கூடவே சிரிக்கும் முகம் ஒன்று. பிறகு இன்னொரு செய்தி வந்தது: அம்மாவின் பெயர் தன் சான்றிதழில் ஓர் எழுத்து வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தாயா, பின்னாளில் யாராவது கேட்டால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவருமா என்று கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் சான்றிதழில் இருக்கும் ஓர் ஆங்கில எழுத்து அக்காவினுடையதில் தமிழுக்கு வந்தபோது வேறாகியிருந்தது. சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். முடித்து வைத்துக்கொள்வது நல்லது என்றார்.

அதை இன்னும் முடிக்கவில்லை. இரண்டு பிரதிகளும் பேர்ணில் அக்காவின் நீலக் கோப்பில் இருக்கின்றன. மருமகனுக்கு ஒக்டோபரில் முழங்காலில் நோ வந்து ஆறு கிழமைகள் பயிற்சிக்குப் போகவில்லை. இப்போது கழகத்தின் இரண்டாவது அணியில் மாற்று வீரனாக இருக்கிறான். இதுவரை எந்த நாடும் அவனை அழைக்கவில்லை.